டிரங்க் அண்ட் டிரைவ்: பைன் கட்டிவிட்டால் கேஸ் முடிந்ததா?

வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் ராத்திரி ஊதச் சொல்லி மாட்டியவர்களில் பலர், வண்டியை மீட்கும் அவசரத்தில் சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் போய், "ஆமாங்கய்யா, குடிச்சிருந்தேன்" என்று பணத்தைக் கட்டிவிட்டு, ஹெல்மெட் பைன் மாதிரிதானே என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அது வேறு, இது வேறு. ஹெல்மெட் பைனை ரோட்டிலேயே கட்டலாம். குடித்துவிட்டு ஓட்டும் கேஸ், அதாவது மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு, கோர்ட்டுக்குத்தான் போகும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். முதல் தடவை 10,000 ரூபாய், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000, ஜெயில் 2 வருஷம் வரை. லைசென்ஸ் தனிக்கதை.

பைன் மட்டும் கட்டினாலும் அது குற்றத்தீர்ப்புதான். நீங்களே ஒத்துக்கொண்டுவிட்டால் அப்பீலில் தண்டனை சரியா, கூடுதலா என்று மட்டும்தான் பேச முடியும், "நான் குடிக்கவே இல்லை" என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அதனால் வாயைத் திறப்பதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். காசு இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. வக்கீலிடம் மறக்காமல் கேட்க வேண்டியது 1958ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம். முதல் குற்றம் என்று நீதிபதி அந்தச் சட்டப்படி கண்டித்து அனுப்பினால், தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு உங்கள் மேல் ஒட்டாது என்று அதன் 12ஆம் பிரிவே சொல்கிறது. கேட்டால் கிடைத்துவிடும் என்றில்லை, ஆனால் கேட்காதவருக்கு யார் கொடுப்பார்கள்?

அடுத்தது வேலை. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர் நம் பக்கம். பட்டாள வேலைக்குக் கொடுக்கும் பாரத்தில் கேஸ் உண்டா, தண்டனை உண்டா என்று கேட்டால் "இல்லை" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். வேலைக்கான பாரத்தில் கேஸை மறைப்பது பற்றிய 2016 அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: சின்னக் குற்றத்தை வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம், மறைத்தால் அந்த மறைப்புக்காகவே வேலை போகலாம்.

பாஸ்போர்ட்டுக்கு, தீர்ப்பை விட நிலுவையில் கிடக்கும் கேஸ்தான் பெரிய தலைவலி, கோர்ட் அனுமதி வாங்கி வரச் சொல்வார்கள். பைனோடு முடிந்த கேஸ் பொதுவாக அப்படித் தடுக்காது. கனடா விசா என்றால் மட்டும் உஷார், அந்த ஊரில் இது கனமான குற்றம்.

எதற்கும் கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போட்டு, சீல் வைத்த தீர்ப்பு நகலை வாங்கி, பைன் ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். ரசீதை பர்ஸில் வைக்காதீர்கள், ஒரே வருஷத்தில் எழுத்து அழிந்துவிடும்.