தெரியாத ஏரியில் ஐஸ் மீன்பிடி: கூட்டமாகப் போகிறவர்களுக்கு

உறைந்த ஏரியின் ஐஸில் துளை போட்டு, அதன் வழியே தூண்டில் இறக்குவதுதான் ஐஸ் மீன்பிடி. இதற்காகப் பழக்கமில்லாத ஏரிக்குக் குடும்பமும் நண்பர்களுமாகப் போகும்போது ஆள்பலம் இரண்டு விதமாக வேலை செய்யும். எல்லோரும் ஒரே துளையைச் சுற்றிக் கூடினால் அந்த எடையே ஆபத்து. பரவி நின்று ஆளுக்கொரு ஆழத்தைச் சோதித்தால், தனி ஆள் பகல் முழுக்கத் தேடும் இடத்தை ஒரு மணி நேரத்தில் தேடி முடிக்கலாம்.

முந்தின நாளே ஏரியின் ஆழ வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். மீன் இருக்கும் இடத்தைத் தேடும் முன், போகக் கூடாத இடங்களைக் குறிக்க வேண்டும். ஓடை வந்து சேரும் வாய், தண்ணீர் வெளியேறும் மதகு, இரண்டு கரைகள் நெருங்கும் குறுகல், பாலத்தடி, அடியில் ஊற்று உள்ள பகுதி, காற்றுச் செலுத்தும் கருவி ஓடும் இடம் ஆகியவற்றில் நீரோட்டம் இருப்பதால் ஐஸ் மெலிந்தே இருக்கும். அதன்பின் கரை நீட்டிக்கொண்டு சட்டென ஆழமாகும் முனைகள், நீர்ச்செடிப் பரப்பின் ஓரம், நடு ஏரியில் எழும்பி நிற்கும் மேடு என மூன்று நான்கு இடங்களைக் குறியுங்கள். பக்கத்தில் இரை விற்பவரிடம் எந்தப் பக்கமாக இறங்குகிறார்கள், எந்தப் பக்கம் பலவீனம், எந்த ஆழத்தில் மீன் படுகிறது என்று கேளுங்கள். உரிமம், ஓர் ஆளுக்கு எத்தனை தூண்டில், பிடிக்கும் அளவு எல்லாம் ஏரிக்கு ஏரி மாறும்; குழந்தைகளுக்கான விதியும் அப்படியே.

ஐஸைச் சோதிப்பது

தெளிந்த, கறுத்துத் தெரியும் புது ஐஸ் 10 செ.மீ. இருந்தால் நடக்கலாம். பனிவண்டி ஓட்ட 13 முதல் 18 செ.மீ. வேண்டும். பால்போல் வெளுத்த ஐஸுக்குப் பாதி வலுதான். ஆகவே இரண்டு மடங்கு தடிப்பு தேவை. சாம்பல் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது, திரும்பிவிடுங்கள். கார் ஏற்றும் யோசனையைத் தெரியாத ஏரியில் முழுக்க விட்டுவிடுவதே எங்கள் கருத்து, மற்றவர் வண்டித்தடம் தெரிந்தாலும் சரி. அந்தத் தடம் எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் இரண்டு பெரியவர்கள் மட்டும், பத்தடிக்குக் குறையாத இடைவெளி விட்டு இறங்க வேண்டும். குழந்தைகள் கரையில் காத்திருக்கட்டும். முன்னால் போகிறவர் உளிமுனைக் கடப்பாரையால் ஒவ்வொரு எட்டுக்கும் முன்னே ஓங்கிக் குத்த வேண்டும். ஒன்றிரண்டு குத்தில் முனை அடிவரை இறங்கினால் வந்த வழியே பின்வாங்குங்கள். உறுதியாக இருந்தாலும் 40, 50 மீட்டருக்கு ஒரு துளை போட்டு, நுனி வளைந்த அளவுகோலை ஐஸின் அடிவிளிம்பில் மாட்டித் தடிப்பை அளக்க வேண்டும். நடுவில் கூழான அடுக்கு வந்தால் திடமான பகுதியை மட்டும் கணக்கில் எடுங்கள். மேலே கனத்த பனி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது குளிரைத் தடுத்து உறைவதைத் தாமதப்படுத்துவதோடு எடையும் கூட்டுகிறது.

குளிர் ஏறும்போது ஏரி 'டும்' என்று அதிரும். ஐஸ் விரிந்து சுருங்கும் சத்தம் அது, அதை மட்டும் வைத்து ஆபத்து என்று சொல்ல முடியாது. குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அலற மாட்டார்கள். கால் வைத்த இடம் தாழ்ந்து, விரிசல் வழியே தண்ணீர் கசிந்து ஏறினால்தான் உடனே கிளம்ப வேண்டும்.

ஒவ்வொருவர் கழுத்திலும் ஐஸ் குத்தூசிகள் (ஐஸில் ஊன்றி மேலேறக் கைப்பிடி உள்ள கூர்முனைகள்) ஒரு ஜோடி, சட்டைக்கு வெளியே தொங்க வேண்டும். பைக்குள் கிடந்தால் பயனில்லை. குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை கட்டாயம். 15 மீட்டர் கயிறும், தண்ணீர் புகாத பையில் ஒரு செட் காய்ந்த உடையும் சறுக்குவண்டியில் இருக்கட்டும். ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு இரைக்கும். அதை அடக்கிக்கொள்வதுதான் முதல் வேலை. கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம்தான். நடந்து வந்த திசைக்கே திரும்பி (அந்தப் பக்க ஐஸ்தானே உங்களைத் தாங்கியது), குத்தூசியை ஊன்றி, உடலை நீட்டிக் கால்களால் உதைத்து மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும். உதவுபவர் விளிம்புக்கு ஓடக் கூடாது. தள்ளிப் படுத்துக்கொண்டு கயிற்றை எறிய வேண்டும்.

துளைகள்

25 செ.மீ. அகலத் துளையில் சின்னக் குழந்தையின் கால் முழுக்க இறங்கிவிடும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் 15 முதல் 20 செ.மீ. போதும். கைவிட்ட துளைகளின் மேல் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வையுங்கள்.

குறித்துவைத்த சரிவில் 2 மீட்டர் ஆழத்திலிருந்து 8 மீட்டர் வரை, ஐந்தாறு மீட்டருக்கு ஒன்றாக வரிசையாகத் துளை போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு, பிறகு தூண்டில் இறக்குவது முக்கியம். ஆழமில்லாத நீரில் துளைப்பான் சத்தத்துக்கு மீன் கலைந்துவிடும். இடையிடையே போட்டுக்கொண்டிருந்தால் அது திரும்பவே திரும்பாது. ஆளுக்கொரு ஆழம், வேறு வேறு இரை. சோனார் (ஒலி அலையால் அடியில் மீன் இருப்பதைக் காட்டும் கருவி) இருந்தால் துளைக்கு மூன்று நிமிடம், இல்லாவிட்டால் பத்து நிமிடம் போதும். ஒருவருக்கு மீன் பட்டதும் எல்லோரும் அங்கே ஓடுவதுதான் வழக்கமான தவறு. அதே ஆழம் செல்லும் கோட்டில் பக்கவாட்டில் நகருங்கள்.

எந்த ஆழத்தில் தொடங்குவது? ஐஸ் பிடித்த புதிதில் நீர்ச்செடி பச்சையாக இருப்பதால் அதன் ஓரத்தில் ஆக்சிஜனும் இரையும் கிடைக்கும், மீனும் அங்கேதான். நடுக்குளிரில் பனி மூடி வெளிச்சம் மறைந்ததும் செடி அழுகி ஆக்சிஜனைத் தின்கிறது. மீன் ஆழமான விளிம்புக்கும் பள்ளத்துக்கும் போகும். 4 டிகிரித் தண்ணீர்தான் அடர்த்தி மிக்கது என்பதால் அடியில் கொஞ்சம் வெதுவெதுப்பும் இருக்கும். கடைசிக் காலத்தில் மீன் ஓடைவாய்ப் பக்கம் திரும்பும். ஆனால் ஐஸ் முதலில் கெடுவதும் அங்கேதான், ஆசைப்பட்டுப் போகாதீர்கள்.

தூண்டில்

பெர்ச் போன்ற சின்ன மீனுக்கு 2 முதல் 4 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பும் சின்ன டங்ஸ்டன் ஜிக்கும் (எடை சேர்த்த கொக்கி). வால்ஐ மீனுக்கு 6 முதல் 8 பவுண்டு. பைக் மீனின் பல் நரம்பை அறுத்துவிடும், கம்பி முன்நரம்பு வேண்டும். பெர்ச் பகலில் கடிக்கும்; வால்ஐ மங்கிய வெளிச்சத்தில்.

ஜிக்கை அடிவரை இறக்கி, 30 செ.மீ. உயர்த்தி, இரண்டு முறை லேசாகத் தூக்கிவிட்டு, பத்து விநாடி அசையாமல் வையுங்கள். பெரும்பாலும் அந்த அசையாத நேரத்தில்தான் கடி. மீன் மேல்நோக்கி வந்து எடுப்பதால் இரை அதற்குக் கீழே போகக் கூடாது. தூண்டில் கோலின் நுனியில் மெல்லிய ஸ்பிரிங் கட்டியிருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம்: ஜிக் எடையில் தாழ்ந்திருந்த ஸ்பிரிங் மெல்ல நிமிரும், நரம்பு தளரும். மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு மேலேறுகிறது என்று பொருள். இழுப்பு வரட்டும் என்று காத்திருக்கும் புதியவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். நுனி வளையத்தில் ஐஸ் அடைத்தால் நரம்பு ஓடாது. விரலால் சூடேற்றிக் கரையுங்கள், தட்டி உடைத்தால் நுனியே முறியும்.

குழந்தைகளுக்கு, மீன் கடித்ததும் கொடி எழும்பும் தூண்டில் நல்லது. கொடி எழுந்ததும் ஓடலாம். ஒரே இடத்தில் உறைந்து உட்கார வேண்டியதில்லை. ஈரக் கையுறைதான் அவர்களை முதலில் வாட்டும், ஆளுக்கு இரண்டு ஜோடி மாற்றுக் கையுறை எடுங்கள். துளை போடுகிறவர் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுப் போடட்டும். வியர்வை பிறகு குளிராகும். கூடாரத்தில் ஹீட்டர் எரிந்தால் மேலும் கீழும் காற்றுத் திறப்பு இருக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணியும் வேண்டும். தலைவலி, குமட்டல் என்று யாராவது சொன்னால் உடனே எல்லோரும் வெளியே. கரி அடுப்பு கூடாரத்துக்குள் வரவே கூடாது.

சுமார் 10 மீட்டருக்கும் ஆழத்திலிருந்து வரும் மீனின் காற்றுப்பை உப்பிவிடும். திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. அனுமதித்த அளவு கிடைத்ததும் ஆழத் துளையில் தூண்டில் போடுவதை நிறுத்துங்கள். மிஞ்சிய இரை மீன்களை ஏரியில் கொட்டாதீர்கள், அடுத்த ஏரிக்கும் கொண்டுபோகாதீர்கள். வாளித் தண்ணீரைக் கரைக்கு மேலே, ஏரிக்குத் திரும்ப ஓடாத இடத்தில் கொட்டுங்கள்.