பாடந்தோறும் பதிவுகள்: மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறை

பதிவுகளின் வகைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால், தேர்வு முடிந்ததும் மாணவர்கள் அவற்றை மறந்துவிடுவார்கள். அதைவிட, ஒரே நிகழ்வு வெவ்வேறு பதிவுகளில் எப்படி இடம்பெறுகிறது என்று காட்டித் தொடங்குவது நல்லது. முந்தைய நாள் பெய்த மழையையே எடுத்துக்கொள்ளலாம். மழைமானிக் குறிப்பு, நாளிதழ்ச் செய்தி, வருகைப் பதிவேடு, ஒரு மாணவரின் நாட்குறிப்பு ஆகியவற்றை அருகருகே வைத்து, ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று வகுப்பைக் கேட்க வேண்டும். ஆண்டு முழுவதும் எல்லாப் பாடங்களிலும் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டு வந்தாலே பாதிப் பணி முடிந்துவிடும்.

அறிவியலில் சற்று அதிக நேரம் செலவிடலாம். காரணம், பொருள் புரிவதற்கு முன்பே பதிவு செய்யும் பழக்கத்தை அங்கேதான் தெளிவாகக் காட்ட முடியும். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ வியாழனுக்கு அருகே மூன்று ஒளிப்புள்ளிகளைக் கண்டார். கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. அவற்றை விண்மீன்கள் என்றே கருதியபோதிலும், அவை இருந்த இடத்தைக் குறித்து வைத்தார். மறுநாள் மூன்றும் மேற்கே இருந்தன. 10ஆம் நாள் இரண்டு மட்டுமே தெரிந்தன. 13ஆம் நாள் நான்காவது ஒன்றும் தெரிந்தது. இந்த நிலைகளை ஒவ்வொன்றாகப் பலகையில் வரைந்து, அடுத்ததை வரைவதற்கு முன் மாணவர்களை ஊகிக்கச் சொல்லுங்கள். அவை வியாழனைச் சுற்றி வரும் நிலவுகள் என்பதை அவர்களில் யாராவது சொல்லும் வரை காத்திருப்பது நல்லது. முதல் நாள் குறிப்பு இல்லாமல் போயிருந்தால் இரண்டாம் நாள் மாற்றத்தை எதனுடன் ஒப்பிட்டிருக்க முடியும் என்ற கேள்வி அப்போது இயல்பாகவே எழும்.

இதற்குப் பின் ஆய்வகக் குறிப்பேட்டின் விதிகளைச் சொன்னால் அவை வெறும் கட்டளைகளாகத் தோன்றமாட்டா. தேதியும் அலகும் கட்டாயம் இருக்க வேண்டும். பேனாவால் எழுத வேண்டும். தவறான அளவை அழிக்காமல், படிக்கும்படியாக ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். எதிர்பார்த்த விடைக்கு ஏற்ப அளவுகளைத் திருத்தும் பழக்கத்தை முளையிலேயே கிள்ளி எறிவது ஆசிரியரின் பொறுப்பு.

கணிதத்தில் அதே மழைக் குறிப்பை அட்டவணையாகவும் வரைபடமாகவும் மாற்றச் சொல்லலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர் என்பதைக் கொண்டு, பள்ளிக் கூரையில் விழுந்த நீரைக் கணக்கிடலாம்.

வரலாற்றுப் பாடத்துக்கு 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் பரவிய காலரா நல்ல எடுத்துக்காட்டு. மருத்துவர் ஜான் ஸ்னோ, அரசின் இறப்புப் பதிவுகளிலிருந்து தொடங்கி, இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பெரும்பாலானவை பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆனால் அருகிலேயே 500க்கும் மேற்பட்டோர் தங்கியிருந்த ஏழையர் விடுதியில் இறந்தவர்கள் 5 பேர்தாம். அங்கே தனிக் கிணறு இருந்தது. பதிவில் காணப்படாதவர்களையும் தேட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

மனிதர் எழுதாத பதிவுகளும் உண்டு. அவை புவியியலுக்கு உரியவை: மர வளையங்கள், 8 லட்சம் ஆண்டுகள் பழமையான காற்றைக் குமிழ்களில் அடைத்து வைத்திருக்கும் அண்டார்க்டிகப் பனி ஆகியவற்றை இங்கே அறிமுகப்படுத்தலாம். உடற்கல்வி ஆசிரியரையும் விட்டுவிடக் கூடாது. 100 மீட்டர் ஓட்டத்தில் பின்னிருந்து வீசும் காற்றின் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படுவதில்லை. சூழ்நிலையைச் சொல்லாத எண் முழுமையற்றது என்பது ஓடிப் பார்க்கும் மாணவருக்கு எளிதில் விளங்கும்.

இறுதியாக, மாணவர்களே இரண்டு வாரங்களுக்கு ஒன்றைப் பதிவு செய்யட்டும்: ஒரு செடியின் உயரம், நண்பகல் நிழலின் நீளம், மூத்தவர் ஒருவருடன் நடத்திய நேர்காணல் என எதுவானாலும் சரி. முடிந்ததும் குறிப்பேடுகளை மாற்றிக் கொடுத்து, எழுதியவரிடம் எதையும் கேட்காமல் நடந்ததை விவரிக்கச் சொல்ல வேண்டும். விவரிப்பவர் எங்கே தடுமாறுகிறாரோ, அந்த இடத்தில் எந்தத் தகவல் விடுபட்டது என்பதை எழுதியவரே ஓரத்தில் குறித்துக்கொள்ளட்டும். மதிப்பெண்ணைக் கையெழுத்தின் அழகுக்கு வழங்காமல், இந்தத் திருத்தங்களுக்கே வழங்குங்கள்.