எண்கோட்டில் பின்னங்கள்: முதலில் 1ஐத் தேடவிடுங்கள்

வட்டம் கீறி நிழற்றிக் காட்டினால் 3/4 எதுவென்று பிள்ளை சொல்லிவிடும். அதே பிள்ளையிடம் 0 முதல் 2 வரை கீறிய எண்கோட்டைக் கொடுத்து 1/2ஐக் குறிக்கச் சொன்னால், பல நேரம் புள்ளி நேரே 1இல் விழும். முழுக் கோட்டையும் ஒரு முழுதாக எடுத்து அது பாதியாக்கியிருக்கிறது. வட்டத்தில் முழுது எதுவென்று படமே காட்டிவிடும். எண்கோட்டிலோ 0இலிருந்து 1 வரையான தூரம்தான் முழுது. அதைப் பிள்ளைதான் தேடிப் பிடிக்க வேண்டும். எந்தக் கோட்டைக் கொடுத்தாலும் முதற்கேள்வி “ஒண்டு எங்க இருக்கு, மகன்?” என்பதாகவே இருக்கட்டும்.

தேவையானவை: 3 மீற்றர் கயிறு, பத்துப் பன்னிரண்டு உடுப்புக் கிளிப், பழைய கலண்டர் மட்டையில் வெட்டிய சீட்டுகள், தையல் அளவுநாடா. கயிறு இழுபடாததாக இருக்க வேண்டும். இழுபட்டால் அளந்து வைத்த இடமெல்லாம் நகர்ந்துவிடும். விறாந்தைத் தூண்கள் இரண்டுக்கிடையில் பிள்ளைகளின் நெஞ்சுயரத்தில் இறுக்கிக் கட்டி, இடப்பக்கம் 0, அதிலிருந்து 120 செ.மீ. தள்ளி 1, 240 செ.மீ. தள்ளி 2 என்று சீட்டுகளைக் கொளுவுங்கள்.

ஏன் 120? 100 செ.மீ. எடுத்தால் மூன்றிலும் ஆறிலும் சிக்கிக்கொள்வீர்கள். 120இல் அரை 60, மூன்றிலொன்று 40, கால் 30, ஐந்திலொன்று 24, ஆறிலொன்று 20, எட்டிலொன்று 15, பத்திலொன்று 12. எல்லாமே முழுச் சென்ரிமீற்றர். ஆனால் நாடாவை உடனே கையில் கொடுக்க வேண்டாம். முதலில் கண்மதிப்பில் கிளிப்பைக் கொளுவட்டும். பிறகு அளந்து சரிபார்க்கட்டும். நாடா முன்னே வந்தால் பாடம் வகுத்தற் கணக்காகிவிடும்.

கொப்பியில் கீறத் தொடங்கியதும் வரும் பிழை வேறு. “நாலாப் பிரி” என்றால் 0க்கும் 1க்கும் நடுவில் நாலு கோடு போட்டுவிடுவார்கள். கிடைப்பது ஐந்து பகுதி. எண்ண வேண்டியது கோடுகளை அல்ல, இடைவெளிகளை. விரலை 0இல் வைத்து ஒவ்வொரு இடைவெளியாகத் தாண்டவிட்டு, தாண்டும்போது மட்டும் எண்ணச் சொல்லுங்கள். நாலு பகுதிக்கு நடுவில் மூன்று கோடு போதும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அடிமட்டத்தின் விளிம்பையே 0 என்று வைத்து அளப்பவர்களையும் கவனியுங்கள்; பல அடிமட்டங்களில் 0 விளிம்பிலிருந்து சற்று உள்ளே இருக்கும்.

கடதாசிக் கீலத்தை மடித்தால் அரை, கால், எட்டிலொன்று சுலபமாக வரும். ஐந்தும் ஏழும் மடிப்புக்கு அடங்காது. அதற்குக் கோடு போட்ட கொப்பியே போதும். 12 செ.மீ. கீலமொன்றின் ஒரு முனையை ஏதாவதொரு கோட்டில் வைத்து, மறுமுனை அதற்குக் கீழே ஏழாவது கோட்டைத் தொடும்வரை கீலத்தைச் சாயுங்கள். இடையிலுள்ள ஆறு கோடுகளும் கீலத்தை வெட்டும் இடங்களில் குறித்தால் ஏழு சமபகுதிகள். கொப்பிக் கோடுகள் சமதூரத்தில் சமாந்தரமாக இருப்பதால் வரும் பலன் இது.

பின்னம் என்றால் 1க்குள் அடங்கியது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஊறிப்போயிருக்கும். அதை உடைக்க, நிறுத்தாமல் எண்ணச் சொல்லுங்கள்: நாலில் ஒன்று, நாலில் இரண்டு, நாலில் மூன்று, நாலில் நாலு, நாலில் ஐந்து. கயிற்றில் 7/4 வருவது 210 செ.மீ.இல், அதே கிளிப்பில் 1 3/4 என்ற சீட்டையும் கொளுவலாம். பஸ் பாதையும் கைகொடுக்கும். மட்டக்களப்பு நகரம் 0, கல்முனை 1 என்றால் காத்தான்குடி காலுக்கு இங்கால, களுவாஞ்சிக்குடி அரைக்கு அங்கால. பாதை கல்முனையோடு முடிவதில்லை. காரைதீவும் அக்கரைப்பற்றும் 1ஐத் தாண்டித்தான் வரும்.

விளங்கிவிட்டதா என்று பார்க்க நல்ல கேள்வி ஒன்று: 0ஐயும் 2/3ஐயும் மட்டும் குறித்துக் கொடுத்து 1ஐத் தேடச் சொல்லுங்கள். அந்தத் தூரத்தைப் பாதியாக்கி, ஒரு பாதியை வலப்பக்கம் சேர்ப்பவருக்கு விளங்கிவிட்டது.

இரண்டு பின்னங்களை ஒப்பிடும்போது பொ.ம.சி.யை (பொது மடங்குகளுட் சிறியதை) அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். பகுதியெண் இரண்டிலும் ஒரே எண்ணாக இருந்தால் தொகுதியெண்ணைப் பார்த்தால் போதும். தொகுதியெண் ஒரே எண்ணாக இருக்கும்போதுதான் சிக்கல்: 8 பெரிது என்பதால் 1/8தான் 1/5ஐவிடப் பெரிது என்பார்கள். 15 செ.மீ., 24 செ.மீ. இரண்டையும் கயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் கொளுவிக் காட்டுங்கள். அடுத்தது அரையோடு ஒப்பிடுவது. 3/7, 5/9 என்றால் 7இன் பாதி மூன்றரை, 9இன் பாதி நாலரை. ஆகவே 3/7 அரைக்கு இங்கால, 5/9 அங்கால. கணக்கே தேவையில்லை.

5/6, 7/8 போன்ற சோடிகளில் “ரெண்டிலயும் ஒண்டுதான் குறையுது, ரெண்டும் சமன்” என்று பதில் வரும். பாதி சரியான யோசனை, வெட்டிவிடாதீர்கள். குறைவது எவ்வளவு என்று கேளுங்கள். ஒன்றில் ஆறிலொன்று, 20 செ.மீ.; மற்றதில் எட்டிலொன்று, 15 செ.மீ. குறைவு சிறிதாக உள்ள 7/8தான் 1க்குக் கிட்ட, அதாவது பெரிது.

இரண்டு கோடு கீறி ஒப்பிட்டால், இரண்டிலும் 0உம் 1உம் நேருக்கு நேர் இருக்க வேண்டும். கொப்பியில் மேற்கோட்டின் 1 எட்டு சென்ரிமீற்றரிலும் கீழ்க்கோட்டின் 1 பத்திலும் இருந்தால், 3/4 என்னும் 6 செ.மீ.யும் 3/5 என்னும் 6 செ.மீ.யும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

கண்ணுக்கும் அரைக்கும் பிடிபடாதவற்றுக்குத்தான் பொ.ம.சி. 3/5, 5/8 இரண்டும் அரைக்கு அங்கால, கயிற்றில் 72 செ.மீ., 75 செ.மீ. கண்மதிப்பில் கொளுவினால் கிளிப்புகள் இடம்மாறியும் போகலாம். பகுதியெண்களை 40 ஆக்கினால் 24/40, 25/40. அந்த 3 செ.மீ. வித்தியாசம் 120இல் நாற்பதிலொன்றா என்பதை நாடாவைப் பிடித்துப் பிள்ளைகளே பார்க்கட்டும்.