கானாவுக்குப் பல்லவி கட்டுவது எப்படி?

புதிதாகக் கானா எழுத உட்காருகிற பசங்க நேராகச் சரணத்தில் இறங்கிவிடுகிறார்கள். மனசில் சொல்ல நிறைய இருக்கிறது, சரி, ஆனால் சாவு வீட்டு வாசலில் பெஞ்சைத் தட்டிக்கொண்டு கூடவே பாடப்போகிற பத்துப் பேருக்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள்? அவர்களுக்காகத்தான் பல்லவி. திரும்பத் திரும்ப வருகிற அந்த ரெண்டு வரியை முதலில் கட்டுங்கள்.

1. காது கொடுங்கள்

ஒரு வாரம் பேனாவைத் தொடாதீர்கள். வடசென்னை மிண்ட்டில் ஷேர் ஆட்டோக்காரர் ஊர்ப் பெயரை அடுக்குவது, காசிமேட்டு மீன் ஏலத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுப்பது, எல்லாம் பல்லவிதான். எங்கள் ஆயாவுக்கு "அது கெடக்குது வுடு". குழம்பு தீய்ந்தாலும் அதுதான், மழைத்தண்ணி வீட்டுக்குள் வந்தாலும் அதுதான். தாத்தாவை எடுத்துப்போன அன்று ராத்திரி, தாத்தா சாப்பிடுகிற தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, யாரும் எதுவும் கேட்காமலே, அதையே சொன்னார். அதே மூணு வார்த்தை. பல்லவி என்ன செய்யும் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

2. ரெண்டு வரி

ஒரே மூச்சில் பாட வரவேண்டும். உதாரணத்துக்கு ஒன்று கட்டுகிறேன்:

கடலு இருக்குது காசிமேட்டுல
கவல எதுக்குடா நம்ம வூட்டுல

வரி தொடங்கும் இடத்தில் க, க என்று மோனை. முடியும் இடத்தில் "ட்டுல" என்று இயைபு. ஒருமுறை கேட்டவனுக்கும் அடுத்த முறை வாய் தானாக வரும்.

3. அடுத்தவனைப் பாட வையுங்கள்

மேசையில் தாளம் போட்டு ஒருமுறை பாடிக் காட்டிவிட்டு நண்பனைத் திருப்பிப் பாடச் சொல்லுங்கள். அவன் ஒரு வார்த்தையை மாற்றிப் பாடினால் திருத்தாதீர்கள், அவன் வார்த்தையையே வைத்துக்கொள்ளுங்கள், பாடப்போவது அவன்தானே.

4. இப்போது சரணம்

பல்லவியில் வார்த்தை மாறக்கூடாது, அர்த்தம் மாறவேண்டும். இது பழைய வித்தைதான். சங்க நூலான ஐங்குறுநூற்றின் நெய்தலில், அதுவும் கடற்கரைப் பாட்டுதான், தோழி தாயிடம் பேசும் பத்துப் பாட்டும் "அன்னை வாழி வேண்டு அன்னை" என்றே தொடங்கும். சொல்ல வருகிற சேதி மட்டும் பாட்டுக்குப் பாட்டு வேறு.

முதல் சரணம்:

வஞ்சிரம் வந்தா வாடக தருவேன்
சுறா வந்தா சொக்கா எடுப்பேன்

இதற்குப் பிறகு பல்லவி வந்தால் கெத்து. இரண்டாவதுக்குத் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளலாம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாதே:

அறுபத்தோரு நாளு போட்டு நிக்குது
அடகுக் கடையில தாலி தூங்குது

இப்போது அதே "கவல எதுக்குடா" தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, பாருங்கள்.

5. கடைசிச் சரணம்

இதை நீங்களே எழுதுங்கள். கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்று வையுங்கள். அது முடிந்ததும் தாளத்தை நிறுத்திவிட்டு, "கடலு இருக்குது காசிமேட்டுல" என்று முதல் வரியை மட்டும் நீங்கள் பாடுங்கள். ரெண்டாவது வரியை அவர்கள் பாடட்டும்.