செல்லோ டேப்பில் ஒட்டிவரும் தோல்: பள்ளி நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி?

ஒகேனக்கலில் எண்ணெய் மசாஜ் செய்து குளித்துவிட்டு வந்த மறுநாள் இதைச் செய்ய வேண்டாம். தோலில் எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலும் டேப் ஒட்டாது. பாலக்கோடு பக்கம் நான் பாடம் நடத்தும் பிள்ளைகள் சுற்றுலா போய்வந்த மறுநாளே ஆசையாகக் கேட்டார்கள் என்று செய்து பார்த்தேன், ஒருவருக்கும் ஒரு செல்கூடத் தெரியவில்லை. அடுத்த வாரம் அதே கைகளில் அழகாக வந்தது.

தேவையானவை: 10, 40 மடங்கு பொருளருகு லென்ஸ் உள்ள நுண்ணோக்கி, கண்ணாடிச் சிலைடு, கவர் சிலிப், செல்லோ டேப், மெத்திலீன் நீலம் (செல்லுக்கு நிறமேற்றும் சாயம்), பஞ்சுக் குச்சி, பிளாஸ்டிக் ஸ்கேல், ஒரு சிட்டிகை உப்பு.

1. முன்கையின் உட்புறத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். புண், சிரங்கு உள்ள இடம் வேண்டாம். மாங்காய் சீசனில் தோப்பு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பால் பட்டு வெந்த தழும்பு கையில் இருக்கும். அந்த இடத்தையும் விட்டுவிடுங்கள்.

2. விரல் நீளத்துக்கு டேப்பை வெட்டி, தோலில் ஒட்டி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்து, மெதுவாக உரியுங்கள். முதல் டேப்பில் பெரும்பாலும் அழுக்கும் உதிரிச் செல்களும்தான் வரும். அதைப் போட்டுவிட்டு, அதே இடத்தில் இரண்டாவது, மூன்றாவது டேப்பை எடுங்கள். வலிக்காது. அவரவர் கையில் மட்டும் எடுக்க வேண்டும்.

3. சிலைடில் மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விடுங்கள். டேப்பின் பசைப் பக்கம் அந்தச் சொட்டின்மேல் படும்படி ஒட்டி, ஓரத்தில் வழிவதைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். கவர் சிலிப் தேவையில்லை, டேப்பே மூடிவிடும். தேமலுக்குக் காரணமான பூஞ்சையைத் தோல் மருத்துவர்கள் இதே முறையிலும் பார்ப்பதுண்டு.

4. முதலில் 10 லென்ஸ். வெளிச்சத்தைக் குறையுங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் தவறுவது இங்கேதான்: வெளிச்சம் அதிகமானால் இந்த மெல்லிய செல்கள் கண்ணுக்கே படாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திறப்பான டயாபிரத்தைப் பாதிக்கு மேல் மூடினால் ஓரங்கள் எழும்பித் தெரியும். ஐந்து, ஆறு பக்கங்களோடு தட்டையான துண்டுகள், ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறிக் கிடக்கும். அப்புறம் 40 லென்ஸுக்கு மாறுங்கள்.

5. இப்போது அளவு. 10 லென்ஸில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் வட்டத்தின் குறுக்களவு சுமார் 1.8 மில்லிமீட்டர் இருக்கும். 40 லென்ஸில் அது கால்பங்கு, அதாவது 450 மைக்ரோமீட்டர் (ஆயிரம் மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டர்). வட்டத்தின் குறுக்கே 12 செல்கள் வரிசையாக அடங்கினால் ஒன்றின் அகலம் 37.5 மைக்ரோமீட்டர். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் ஒரு பிள்ளை தன் செல்லைத் தானே அளப்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைந்துவிடும்.

6. வாயைக் கொப்பளித்து, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் லேசாகத் தேய்த்து, இன்னொரு சிலைடில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் தடவுங்கள். ஒரு சொட்டு நீலம், மேலே கவர் சிலிப். கன்னச் செல்லின் நடுவே கருநீலப் புள்ளியாக உட்கரு தெரியும். திரும்பக் கைத்தோலைப் பாருங்கள். அங்கே உட்கரு இருக்காது.

முடிந்ததும் டேப், குச்சி, சிலைடு எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவுங்கள், கழிக்க வேண்டியதைக் கழியுங்கள்.

சரி, கைத்தோல் செல்லின் உட்கரு எங்கே போனது? மேல்தோலின் அடிவரிசையில்தான் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. அங்கிருந்து மேலே தள்ளப்படும்போது ஒவ்வொரு செல்லும் கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்புகிறது. போகும் வழியில் கொழுப்பை வெளியே சுரக்கிறது, பிறகு தன் உட்கருவையே சிதைத்துக்கொண்டு தட்டையாகிறது. அந்தச் செத்த செல்கள் செங்கல் மாதிரி, இடையில் உள்ள கொழுப்பு காரை மாதிரி. முன்கையில் இப்படி 15, 20 அடுக்குகள் இருக்கும். உடம்புத் தண்ணீர் ஆவியாகாமல் நிறுத்துவது இந்தச் சுவர்தான். செத்தது என்று சொல்கிறோமே தவிர, அது கழிவு இல்லை.

ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், இந்த டேப்பை ஆய்வகத்துல கொடுத்தா தோல் வளர்த்துத் தருவாங்களா?”

தரமாட்டார்கள், ஏனென்றால் டேப்பில் உயிருள்ள செல் இல்லை. அதற்கு, அனுமதி பெற்று, அடிவரிசையோடு சேர்ந்த சிறு துண்டுத் தோலை வெட்டி எடுக்க வேண்டும். நொதிகளால் மேல்தோலைப் பிரித்து, செல்களைத் தனித்தனியாக்கி, 37 டிகிரி வெப்பமும் 5 சதவீதக் கரியமில வாயுவும் உள்ள பெட்டியில் ஊட்டத் திரவத்தில் வைப்பார்கள். முன்பு இந்தச் செல்கள் பெருகுவது கொஞ்ச நாளிலேயே நின்றுபோகும். 1975ல் ஜேம்ஸ் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் இருவரும், பெருகாதபடி நிறுத்தப்பட்ட எலிச் செல்களைப் பாத்திரத்தின் அடியில் பரப்பி, அவற்றின் துணையோடு மனிதத் தோல் செல்களைத் திரும்பத் திரும்ப வளர்த்துக் காட்டினார்கள். 1983ல் அமெரிக்காவில், உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் தீயில் வெந்த இரண்டு சிறுவர்களுக்கு, அவர்களுடைய சிறு தோல் துண்டிலிருந்தே தோல் விரிப்புகளை வளர்த்து ஒட்டினார்கள். இருவரும் பிழைத்தார்கள். அந்த விரிப்பில் வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் இல்லை. அதையும் அந்த மாணவியிடம் சொன்னேன், உடனே, “அப்போ அவங்களுக்கு வெயில்ல எப்படி டீச்சர் வேர்க்கும்?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள்.