மோதுகைக் கணக்கில் பிள்ளைகள் விடும் பிழைகள்

மீள்தன்மையற்ற மோதுகை என்றதும் சக்தியோடு சேர்த்து உந்தத்தையும் (திணிவு × வேகம்) தொலைத்துவிடுகிற உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஏராளம். குறைவது இயக்கசக்திதான். புறவிசை குறுக்கிடாதவரை மொத்த உந்தம் மாறாது.

திருகோணமலையில் ஒரு இறங்குதுறை. 150 கிலோகிராம் வள்ளம் அசையாமல் நிற்கிறது. 50 கிலோகிராம் ஆள் ஒருவர் செக்கனுக்கு 4 மீற்றர் கிடைவேகத்தில் அதற்குள் பாய்ந்து காலூன்றி நிற்கிறார். நீரின் தடையை விட்டுவிடுவோம். முன்பு உந்தம் 50 × 4 = 200. பின்பு மொத்தத் திணிவு 200. ஆகவே வேகம் 1. இதையே சக்திக் காப்பில் செய்தால் 2 வரும். பார்வைக்கு ஒழுங்கான விடைதான், ஆனால் உந்தம் 400 ஆகிவிட்டது! மேலதிக 200ஐ யார் கொடுத்தது? சரியான கணக்கில் இயக்கசக்தி 400 யூலிலிருந்து 100 ஆகக் குறைகிறது. மிச்சம் 300 யூல் பலகையில் வழுக்கிய காலின் உராய்விலும் தசைகளிலும் பெரும்பாலும் வெப்பமாகிப் போயிற்று.

"வள்ளம் கயிற்றில கட்டியிருக்கே சேர், உந்தம் எப்படிக் காக்கப்படும்?" என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். கேட்கத்தான் வேண்டும். கயிறு தொய்ந்து கிடந்தால், பாய்ந்து நிற்கும் அந்தக் கணப்பொழுதில் அது இழுக்காது. விறைத்த பிறகுதான் அதன் கணத்தாக்கு (விசை × நேரம்) வள்ளத்தை நிறுத்தும். எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம்வரை என்று குறிக்காமல் சமன்பாடு எழுதுவதுதான் பெரிய பிழை.

தொங்கும் மரக்கட்டையில் துப்பாக்கிச் சன்னம் புதையும் கணக்கிலும் இதே கதை. 1742இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் ரொபின்ஸ் சன்னத்தின் வேகத்தைக் கண்டறிய விவரித்த முறை அது. புதையும்வரை காக்கப்படுவது உந்தம், கட்டை ஆடி உயரும்போது சக்தி. இரண்டையும் ஒரே வரியில் சக்தியாகச் சமப்படுத்தினால் புள்ளி போனதுதான்.

திசைக்குறியைச் சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது. 2 கிலோகிராம் வலப்பக்கம் 3 வேகத்தில், 1 கிலோகிராம் இடப்பக்கம் 6 வேகத்தில் வந்து மோதி ஒட்டினால் இரண்டும் அப்படியே நின்றுவிடும். குறியை மறந்தவருக்கு 4 வரும்.

மீள்தன்மையற்றது எல்லாம் ஒட்டிக்கொள்ளாது. ஒட்டுவது மீளமைவுக் குணகம் (விலகும் வேகம் ÷ நெருங்கிய வேகம்) 0 ஆகும்போது மட்டும். 0க்கும் 1க்கும் இடையில் பொருள்கள் விலகிப் போகும், சக்தியும் குறையும். வினாவில் "ஒட்டி" என்ற சொல் இல்லையென்றால் பொது வேகம் போடாதீர்கள். தெரியாத வேகம் இரண்டுக்கு உந்தச் சமன்பாடு ஒன்று போதாது. குணகமோ ஒரு பொருளின் இறுதி வேகமோ எங்காவது தந்திருப்பார்கள், தேடிப் பாருங்கள்.