பார்டர் கோலியை வீட்டில் வளர்ப்பது எப்படி? ‘போதும்’ என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்

ஆடு மேய்க்கும் இனமான பார்டர் கோலிக் குட்டி மணி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: “நல்லா ஓட விடுங்க, களைச்சுப்போய்ப் படுத்துக்கும்.” காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பந்து எறிந்தேன். இரண்டே மாதத்தில் அவனுக்குத் தம் கூடியதே தவிர, வீட்டுக்குள் ஒரு நிமிடம் உட்காரவில்லை. பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி வந்தான், குதிகாலைக் கவ்வினான், சுவரில் விழும் நிழலைக்கூட விரட்டினான். குட்டிப் பருவத்தில் அவ்வளவு ஓடுவது வளரும் மூட்டுகளுக்கும் நல்லதல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, நியூகாசிலில். இந்த நாய் இனத்தின் சொந்த ஊரே இந்தப் பக்கம்தான். 1893இல் பக்கத்து நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ‘ஓல்டு ஹெம்ப்’ என்ற நாய், குரைக்காமல் கடிக்காமல் வெறும் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியது. இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் மூதாதை. உங்கள் வீட்டுக்கு வரப்போகும் குட்டிக்குள் இருப்பதும் அந்தப் பார்வைதான். அதை அழிக்க முடியாது, திசை திருப்பலாம்.

இங்குள்ள மேய்ப்பர்கள் வேலை முடிந்ததும் நாயிடம் “தட்’ல் டூ” (That’ll do) என்பார்கள். “போதும், வா” என்று அர்த்தம். மலைச்சரிவில் அம்பாகப் பாய்ந்துகொண்டிருந்த நாய் அந்த ஒரு சொல்லுக்கு ஆட்டை விட்டுவிட்டுத் திரும்பி வரும். அதைப் பார்த்த அன்றுதான் எனக்குப் புரிந்தது: மணிக்கு ஓடச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, நிறுத்தத்தான் யாரும் சொல்லித்தரவில்லை.

படி 1: வாங்கும் முன்

வீட்டில் எல்லோரும் காலையில் போய் இரவில் திரும்புகிறவர்கள் என்றால் இந்த இனம் வேண்டாம். இதைத் தயங்காமல் சொல்வேன். வாங்குவதென்றால் குட்டியைத் தாயோடு சேர்த்துப் பாருங்கள். தாய் அந்நியரைக் கண்டு பதறினால் திரும்பி வந்துவிடுங்கள். தாய் தந்தை இரண்டுக்கும் கண், இடுப்பு மூட்டுப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். பரிசு வாங்கிய மேய்ச்சல் நாயின் குட்டி என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது வீட்டுக்கு இன்னும் கடினமான குட்டி என்று பொருள்.

படி 2: ஜமுக்காளப் பயிற்சி

மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு நேரம் கொடுங்கள். ஒரு ஜமுக்காளத்தை நாலாக மடித்து, நீங்கள் உட்காரும் இடத்துக்கு அருகில் விரியுங்கள். எதுவும் சொல்ல வேண்டாம். குட்டி அதில் கால் வைத்த நொடியில் ஒரு சிறு கோழித் துண்டை ஜமுக்காளத்தின் மேலேயே வையுங்கள். கையிலிருந்து ஊட்டினால் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். துணியில் கிடைத்தால் துணி பிடித்துப்போகும்.

நாலைந்து முறைக்குப் பிறகு நிற்பதற்குக் கொடுக்காதீர்கள், படுத்தால் மட்டும் கொடுங்கள். பிறகு மூன்று நொடிக்கு ஒன்று, பத்து நொடிக்கு ஒன்று என்று இடைவெளியைக் கூட்டுங்கள். இடுப்பு ஒருபக்கம் சாய்ந்து, தாடை தரையில் பட்டால் உடம்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது இரண்டு துண்டாகக் கொடுங்கள். ஐந்து நிமிடம் முடிந்ததும் ஜமுக்காளத்தை மடித்து எடுத்துவிடுங்கள். அது எப்போதும் விரித்துக் கிடந்தால் அதற்கு மதிப்பிருக்காது.

ஒரு வாரம் கழித்து ‘போதும்’ என்ற சொல்லைச் சேருங்கள். விளையாட்டு முடிந்ததும் ஒரே முறை சொல்லி, பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு, ஜமுக்காளத்தை விரியுங்கள். குரைக்கும், பையை மூக்கால் இடிக்கும். பதில் பேசாதீர்கள், கண்ணைப் பார்க்காதீர்கள். மணி முதல் நாள் இருபது நிமிடம் குரைத்தான். மூன்றாவது வாரம் பெருமூச்சு விட்டுப் படுத்தான். வீட்டில் எல்லோரும் இதே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் ‘போதும்’, இன்னொருவர் ‘ஸ்டாப்’, பாட்டி ‘சும்மா இரு’ என்றால் நாய்க்கு எதுவுமே தெரியாது.

குட்டி நாளில் பெரும்பகுதி தூங்க வேண்டும். தூங்காத பார்டர் கோலிக் குட்டி, தூக்கம் கெட்ட கைக்குழந்தை மாதிரிதான்: களைக்கக் களைக்கத் துள்ளும்.

படி 3: மூளைக்கு வேலை

அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், சேசர் என்ற தன் பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய ஆய்வுக் கட்டுரை 2011இல் வந்தது. நமக்கு ஐந்து போதும். ஒரு பொம்மையை மட்டும் தரையில் வைத்து, பெயரைச் சொல்லி, எடுத்து வந்தால் பாராட்டுங்கள். அது பழகிய பிறகு இரண்டாவதைச் சேருங்கள். எங்கள் மகள் ‘யானை’, ‘கத்திரிக்காய்’, ‘செருப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறாள். மணி ஒருநாளும் மாற்றி எடுப்பதில்லை.

காலை உணவைக் கிண்ணத்தில் போடாமல் புல்லில் இறைத்துவிட்டால் மோந்து மோந்து பொறுக்கும். பத்து நிமிட மோப்பத்துக்குப் பிறகு வரும் அமைதியை நீங்களே பாருங்கள். பந்து எறிவதை ஐந்தாறு வீச்சோடு நிறுத்துங்கள்.

லேசர் விளக்கை வைத்து விளையாட்டுக் காட்டவே காட்டாதீர்கள். பிடிக்கவே முடியாத வெளிச்சத்தை விரட்டிப் பழகிய நாய், பிறகு கண்ணாடிப் பளபளப்பையும் நிழலையும் நாள் முழுக்கத் தேடும். அதை மாற்றுவது மிகக் கடினம்.

படி 4: பிள்ளைகளும் வண்டிகளும்

ஓடும் பிள்ளை நாயின் கண்ணுக்குக் கலைந்த ஆடு. கோபத்தில் கடிப்பதில்லை, கூட்டத்தில் சேர்க்கத்தான் குதிகாலைக் கவ்வுகிறது. ஆனாலும் பல் பட்டால் பிள்ளைக்கு வலிக்கும். ‘மரமாக நில்’ என்று பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்: கையைக் கட்டி, கத்தாமல், அசையாமல் நிற்க வேண்டும். பெரியவர் நாயை அழைக்க வேண்டும். தோட்டத்தில் நீளக் கயிறு கட்டியே விடுங்கள்.

தலை தாழ்ந்து, முன்கால் ஒன்று பாதி தூக்கியபடி, இமைக்காமல் பார்த்தால் பாயப் போகிறது. அந்த நொடியில் கூப்பிடுங்கள். பாய்ந்த பிறகு காதில் விழாது. சிறு பிள்ளைகளையும் நாயையும் தனியாக விடவே வேண்டாம்.

கார், சைக்கிளுக்கும் இதே பார்வைதான். சாலையிலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள். வண்டியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் கோழித் துண்டு. நாளுக்கு நாள் சில அடி நெருங்குங்கள். முறைத்து நின்றுவிட்டால் நெருங்கியது அதிகம், பின்னால் போங்கள்.

படி 5: நம் சமையலறை

ஊரிலிருந்து வந்த அம்மா பாசத்தில் சாம்பார் சோறு பிசைந்து வைத்துவிட்டார். நல்லவேளை, தட்டை நான் பார்த்துவிட்டேன். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆசைக்குக் கொடுப்பதானால் வெறும் சோறும் உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் போதும்.

சென்னை, மதுரை வெயிலில் வளர்ப்பவர்கள் விடியலிலும் இருட்டிய பிறகும் மட்டும் வெளியே கூட்டிப் போங்கள். இந்த இனம் தானாக நிறுத்தாது, சுருண்டு விழும் வரை ஓடும். சூட்டுக்கென்று முடியை மழிக்காதீர்கள், வெயிலை மறைப்பதும் அந்த முடிதான்.

படி 6: ஆடு மேயும் இடத்தில்

இங்கே மலைக்குப் போனால் கயிறு கையில் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள திறந்த வெளிகளில் (open access land) மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிறு கட்டாயம். ஆடுமாடு அருகில் இருந்தால் ஆண்டு முழுவதும். பயிற்சி இல்லாத பார்டர் கோலி விரட்டினாலே போதும், சினை ஆடு குட்டியை இழக்கலாம். “இது மேய்க்கப் பிறந்த நாய்தானே” என்று அவிழ்த்துவிடாதீர்கள்.

எட்டு மாதம் முதல் ஒன்றரை வயது வரை கற்றதெல்லாம் மறந்ததுபோல் நடக்கும். திட்ட வேண்டாம். ஜமுக்காளத்தை மறுபடி விரித்து, படி 2இன் முதல் வரியிலிருந்து ஆரம்பியுங்கள்.